ஏழு வருடத்து உதவியாளர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலையும் என் கோபத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டால் இங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் சரிப்பா சரிப்பா என்றே சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் அறை எடுத்திருக்கிறாயாம், லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா. மூன்று பேருக்கு ஒரே ஜன்னல், அதுவும் திறக்காது என்று உன் தங்கச்சி சொன்னாள். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

என் வயிற்றெரிச்சல் அதுவல்ல. அந்த நாட்டு லைசென்ஸ் ஆபீஸிலிருந்து வந்த பதிலை அவளுக்கு மட்டும் அனுப்பி, அப்பாகிட்ட காட்டாதே என்று சொல்லியிருக்கிறாய். அவள் வாயில் எது தங்கும், அன்றைக்கே காட்டிவிட்டாள். ஒன்பது வருட அனுபவத்தில் ஏழு வருடம் உதவியாளர், ஆகவே இன்னும் மூன்று வருடம் ஒருவருக்குக் கீழே வேலை பார்த்த பிறகுதான் பரீட்சை என்று போட்டிருக்கிறார்கள். உன் விசாவோ இரண்டு வருடத்தில் முடிகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த ஆபீஸை வாய்க்கு வந்தபடி திட்டினேன், நேற்று வந்தவனுக்கெல்லாம் நீ கருவிப்பை தூக்குவதை நினைத்து, ஊரை விட்டுப் போனாயே என்று உன்னையும் திட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்த உன் அம்மா, அவனை உதவியாளர்னு எழுதினது அந்த ஆபீஸா நீங்களா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

நான்தான். சூப்பர்வைசர் தன் மகனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாதென்று, நீ செய்த வேலையெல்லாம் வேலைச் சீட்டில் அடுத்தவர் பெயரில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி லிஃப்ட் நோயாளியோடு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றபோது, மெஷின் ரூமில் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கியவன் நீ. சீட்டில் மெக்கானிக் என்ற இடத்தில், வெயிலிலும் குடையோடு வேலைக்கு வருவாரே நம் சீனியர் குடைக்காரர், அவர் பெயர், உதவியாளர் என்ற இடத்தில் உன் பெயர். நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அந்த அழுத்தம் அப்படியே உன் அம்மா வழி. கேட்டிருந்தாலும் நான் எரிந்து விழுந்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். ரிட்டயர் ஆன பிறகு எதுக்கு சார் உங்க பேரை நீங்களே கெடுத்துக்கறீங்க, பொதுவா நல்லா வேலை செஞ்சார்னு ஒரு லெட்டர் தர்றேன் என்றார் முதலாளி. அது எதற்கு உதவும், பழைய சீட்டுகளை நானே தேடி எடுக்கிறேன், முத்திரை மட்டும் போடுங்கள் என்று விடாமல் நின்று சம்மதிக்க வைத்தேன். குடோனில் மூன்று நாள் உட்கார்ந்து, தும்மித் தும்மி, ஏழு வருடச் சீட்டுகளையும் பிரித்தேன். குடைக்காரரைத் தேடிப் போனேன், தயங்குவார் என்று நினைத்தேன். அன்னைக்கு நான் டார்ச்தான் புடிச்சேன், அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடறேன், அதுல என்ன வெக்கம் என்றார் மனிதர். என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சீட்டுகளின் நகல், அவர் எழுதிக் கொடுத்தது, பதவியைத் தவறாகப் பதிந்தது நானே என்று நான் எழுதிய கடிதம், எல்லாம் கம்பெனி முத்திரையோடு இதற்குள் இருக்கின்றன. அவர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது. மேல்முறையீட்டுக்கு மாதக் கடைசிதான் கெடு, வழக்கம்போல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, நீ அங்கேயே காலூன்றி நிற்க வேண்டும்.

என் முப்பது வருட வேலையில் இவனைவிடக் கெட்டிக்கார மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். முகம் தெரியாத ஆபீஸருக்கு எழுதி முடித்த பிறகுதான், உன்னிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை என்று உறைத்தது.

இப்படிக்கு,
உன் அப்பா