எனக்கு முன்னால் எழும்பியவர்

அக்கா,

இன்று காலை உங்கள் கட்டடத்தைப் பராமரிக்கும் மனிதர் என்னைப் படிக்கட்டில் மறித்து, ஒரு பித்தளைத் தகட்டைக் கையில் வைத்தார். உங்கள் பெயர், ‘பவல்’. உங்கள் கதவு மணிக்கு மேல் இருந்தது. “குப்பையில் போட மனம் வரவில்லை, நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் தபால் கொடுத்தவர்கள்தானே” என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிச்சத் தெருக்களையும் முடித்தேன். வீட்டுக்கு வந்து மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விரலில் பித்தளை மினுக்கும் மருந்தின் மணம் போகவில்லை. சனிக்கிழமை தவறாமல் நீங்கள் மினுக்கும் அதே மணம். நீங்கள் போய் நாலு மாதம். இவ்வளவு நாளும் இதை யார் மினுக்கினார்கள் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

ஜெர்மனில் பதினொரு வருடம் உங்களோடு ஒருமையில்தான் கதைத்தேன். வேலையிடத்தில் எல்லாரும் அப்படித்தானே. தமிழில் எழுத உட்கார்ந்தால் பேனா மறுக்கிறது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆகவே அக்கா. உங்கள் பேச்சையும் நான் எங்கள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். கோவிக்கக் கூடாது.

முதல் கிழமை ஞாபகம் இருக்கிறதா? டுசல்டோர்ஃப் தபால் நிலையத்தில், கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் தட்டுக்கு முன்னால் நின்றோம். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துக் கேட்டீர்கள்.

“தம்பிராசா எண்டுறது உன்ர மனுசன்ர பேரோ?”

“நான் கலியாணமே கட்டேல்லை. அது அப்பான்ர பேர்.”

“அப்ப நீயும் எங்கட ஆள்தான்” என்று கடிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டீர்கள். பிறகு எங்கே வேலை நடந்தது! உங்கள் வேல்ஸ் நாட்டில் அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாதாம். ஹவெல் என்பவரின் மகன் ‘அப் ஹவெல்’. அவனுக்குப் பிறக்கும் மகன் ஹவெலை விட்டுவிட்டுத் தன் தகப்பன் பெயரைப் பிடித்துக்கொள்வான். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். ஆங்கிலேயரின் எழுத்தர்கள் வந்து, இது எழுதி மாளாது, வீட்டுக்கு ஒரு பெயர் சொல்லு என்று நின்றார்கள். அன்றைக்கு யார் தகப்பனோ அவர் பெயர் அப்படியே உறைந்துவிட்டது. ‘அப் ஹவெல்’ தேய்ந்து பவல் ஆனது.

“அந்த ஹவெல் நெட்டையோ கட்டையோ, நல்லவனோ கெட்டவனோ, ஒருத்தருக்கும் தெரியாது. நானூறு ஐந்நூறு வருசமா எங்களோட இழுபடுறான். செத்தவனை நிம்மதியாக் கிடக்க விட்டமோ?” என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

எங்களுக்கும் அதே கதைதான். ஊரில் தகப்பன் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒரு தலைமுறைக்கு மட்டும் காவல் நிற்கும். இங்கே அகதி விண்ணப்பம் எழுதிய அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். அம்மா குனிந்துகொண்டு “தம்பிராசா” என்றார். எனக்கு ஒன்பது வயது. அம்மா தன் வாயால் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு சொல்லவே இல்லை. டாக்டரிடம்கூடப் பெயர் எழுதிய அட்டையைத்தான் நீட்டுவார்.

அதற்கு முந்திய வருடம், மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போன அப்பா திரும்பவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு, தகப்பனை இழந்த சனமெல்லாம் விரதம் பிடித்துக் கசக்கும் காத்தோட்டிக்காய்க் கறி சாப்பிடும். எங்கள் வீட்டில் மட்டும் வேண்டுமென்றே மீன் குழம்பு கொதிக்கும். “இருக்கிற மனுசனுக்கு ஆரடி விரதம் பிடிக்கிறது? அவர் இல்லையெண்டால் இந்த நாட்டுக்காரர் ஏன் நாளும் பொழுதும் அவரின்ர பேரைக் கூப்பிடுகினம்?” என்பார். அவர் இல்லை என்று நான் சொன்னால், அப்பாவைக் கொன்றவள் நானாகிவிடுவேன். முப்பத்தைந்து வருடம் வாயை மூடிக்கொண்டு அந்த மீனைச் சாப்பிட்டேன்.

உங்களிடம் இதைச் சொன்ன அன்று நீங்கள் நம் வேலையின் விதியைத்தான் சொன்னீர்கள். ஆள் செத்தது தெருவுக்கே தெரிந்தாலும், பெட்டியில் பெயர் இருக்கும்வரை கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகவேண்டும். “பேர் பெட்டியில இருந்தா ஆள் வீட்டில. உன்ர அம்மாவும் ஒரு தபால்காரிதான்” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போன மாரியில் என் முழங்கால் வீங்கியபோது டாக்டரிடம் துணைக்கு வந்தீர்களே. காத்திருக்கும் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். “ஃபிராவ் தம்பிராசா!” என்று உள்ளேயிருந்து ஜெர்மன் மரியாதைச் சொல்லோடு கூப்பிட்டார்கள். நான் கதிரைக் கையைப் பிடித்து மெல்ல எழும்பினேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

“உனக்கு முன்னால எழும்பினது ஆர்?”

திரும்பிப் பார்த்தேன். யன்னலோரம் வெறும் கதிரைகள்தான். “விசர்க் கதை கதையாதேங்கோ” என்று விட்டேன். நீங்களும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டீர்கள். ஆனால் நான் உள்ளே போகும்போதும் திரும்பி வரும்போதும் உங்கள் கண் அந்த யன்னலில்தான் இருந்தது.

பிறகு வைகாசியில், நீங்கள் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்த நாட்கள். பிற்பகல், நல்ல வெயில். தாதி வாசலில் ‘ஃபிராவ் தம்பிராசா’ என்று சொல்லி என்னை உள்ளே விட்டாள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு அருகே பார்த்தீர்கள்.

“இண்டைக்கும் அவர்தான் முதல் வந்தவர். மெலிஞ்ச மனுசன். செருப்பு வார் அறுந்து கம்பியால கட்டியிருக்கு, வலது கால்.”

அந்தக் கம்பியை, அப்பா சைக்கிளில் போன அன்று காலை முறுக்கிக் கட்டியது அம்மா. குறடு எடுத்துக் கொடுத்தது நான். எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

“பாவமடி, களைச்சுப்போனார். எங்கயெல்லாமோ அந்தப் பேரைக் கூப்பிடுகினம். ஒவ்வொரு தரமும் தன்னைத்தான் எண்டு எழும்புறார். அவரை ஒருக்கா கதிரையில இருக்கச் சொல்லு.”

இரண்டாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது. மருந்து மயக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். போகிறவர் இப்படி ஒன்றைத் தலையில் கட்டிவிட்டா போவது? ஆனால் அதற்குப் பிறகு எங்கே பெயரைக் கூப்பிட்டாலும், எழும்புவதற்கு முன் அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள், அம்மா மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் சொன்னதைச் சொல்லிவிட்டேன். அம்மாவின் கை நின்றது.

“எந்தக் கால் எண்டவ?”

“வலது.”

அம்மா அடுப்பை அணைத்தார். குழாயைத் திறந்து கையைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். “களைச்சுப்போனார் எண்டோ சொன்னவ?”

“ஓம் அம்மா.”

“அப்ப கடைக்குப் போய்க் காத்தோட்டிக்காய் வாங்கிக்கொண்டு வா. விரதத்தை நீ பிடி. பொட்டு என்ர, அதை நான் வைப்பன்.”

மறுநாள் கோயிலில் மோட்ச அருச்சனைக்கு ஐயர் “பேர் சொல்லுங்கோ” என்றார். எத்தனை அலுவலகங்களில் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்த பெயர்! அன்றைக்கு என் வாயில் வரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். அம்மாதான் என் தோளுக்கு மேலால் சொன்னார்: “தம்பிராசா.” அது இரண்டாம் தரம். வீட்டுக்கு வந்து அந்தக் கசப்புக் காயை அழுதழுது சாப்பிட்டேன்.

இன்று உங்கள் பெயருக்கும் ஒரு கடிதம் வந்தது. பெட்டியில் பெயர் இல்லை. விதி தெரிந்தவள் நான். ‘பெறுநர் இறந்துவிட்டார்’ என்று குறித்துத் திருப்பி அனுப்பினேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்தத் தெருக்களில் பவல் என்று கூப்பிட இனி ஒருவரும் இல்லை. அந்த ஹவெல் கிழவனும் இனி எங்காவது இருந்து களைப்பாறட்டும். தகட்டை அலுமாரித் தட்டில் வைத்திருக்கிறேன். நான் மினுக்கப் போவதில்லை. நாளைக்கும் அது மினுங்கினால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். போன செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் நேரம் குறித்துத் தந்த டெர்மின். காத்திருக்கும் அறையில் நான் தனியே. “ஃபிராவ் தம்பிராசா!” என்று கூப்பிட்டார்கள். பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னேன்.

“நீங்கள் இருங்கோ அப்பா. என்னைத்தான் கூப்பிடுகினம்.”

கதிரை இன்னொரு தரம் கிறீச்சிட்டது. பிறகு நான் மட்டும் எழும்பிப் போனேன்.