பதில் வருமுன் வந்த பச்சை எழுத்து

வியாழன். நோன்புக்கு இன்னும் பத்து நாள்.

நான் பொத்தானை அழுத்தவே இல்லை என்று பள்ளிவாசலில் கதைக்கிறார்களாம். அழுத்தினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரே தடவை. "பதிவாகிவிட்டது" என்ற பச்சை எழுத்தை வாசித்த பிறகுதான் போனை வைத்தேன்.

என் கணவர் மௌத்தாகி என்னைத் தனியே விட்டுப்போன வருஷம் முதல், பதினேழாம் நோன்பன்று பள்ளியில் பகிரும் கஞ்சியை அவர் பேரில் நான்தான் கொடுக்கிறேன். இம்முறை அந்த நாளைப் பள்ளியின் போன் செயலியில் பதியச் சொன்னார்கள். இப்போது அந்த நாள் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. "பெரியும்மா கனவுல அமத்தியிருப்பா" என்று செயலாளர் சிரித்தாராம்.

செயலியை எழுதியவர் என் மருமகன் நிஸார். பின்னேரம் கூப்பிட்டு இருத்திக் கேட்டேன்.

"மாமி, சேர்வர்ல இருந்து பதில் வரச் சுணங்கும். அதுவரைக்கும் போன் உறைஞ்சு நிக்கப்படாதெண்டு, அனுப்பிப்போட்டு மற்ற வேலையப் பாக்கச் சொல்லி எழுதுற."

"பாக்கட்டும் மகன். பதில் வர முந்தி பதிவாகிட்டெண்டு சொல்லச் சொன்னதாரு?"

என் போனை வாங்கித் தட்டிப் பார்த்தார். அன்று சிக்னல் அறுந்து, நான் அனுப்பியது போய்ச் சேரவே இல்லையாம். அறுந்தால் என்ன செய்வதென்று ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. நான் படித்த கான்வென்டில், கேள்வி முடியுமுன் கையுயர்த்தினால் எங்களை வெளியே நிறுத்துவார்கள்; இந்தச் செயலி செய்ததும் அதைத்தான்.

"உங்கட பிழையில்ல மாமி."

"அதப் பள்ளியில சொல்லுங்க."

"எல்லாரும் சிரிப்பாங்களே" என்று இழுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லையா?

நாளை நிர்வாகத்துக்கு இவ்வளவுதான் எழுதுவேன்: பிழை செயலியில். பதினேழாம் நாளை எனக்குத் திருப்பித் தருவீர்களா, இல்லையா? எழுத்தில் பதில் தாருங்கள்.