காமாக்ஷிக்கு மூன்று நிமிடம்

ஜனவரி 28, 2025, செவ்வாய்

இன்று லேபில் பதினேழு பேருக்கு ரத்தம் எடுத்தேன். பதினேழு பேருக்கும் ஒரே குத்துதான். பெருமைக்காக எழுதவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.

கடைசியாக வந்த பெண்ணிடம் ஸ்வெட்டர் கையை மடிக்கச் சொன்னதும் இடது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். இருபது வருஷமாகக் கைகளைப் பார்த்தே பிழைக்கிறவள் நான். ஊசியால் வந்த நீலம் எது, விரல் பதிந்த நீலம் எது என்று எனக்குத் தெரியாதா? ஹெல்ப்லைன் அட்டையை அவள் கைப்பைக்குள் நானே போட்டேன்.

மத்தியானம் பிரீத்தியின் மெயில் வந்திருந்தது. பிரீத்தி எடிசன் ஊரில் பெண்கள் உதவிக்குழு நடத்துகிறவள், என் பெண் ஸ்ம்ருதியின் வயசு. ட்ரெண்டனில், எங்கள் மாநிலச் சட்டசபையில், ஒரு மசோதா வந்திருக்கிறதாம். அடிக்கிறவனிடமிருந்து தப்பிக்கத் திருப்பித் தாக்கின பெண்களின் வழக்கில், அதற்கு முன்னால் பட்ட அடி உதையையும் கோர்ட் கேட்டாக வேண்டும். ஏற்கெனவே தண்டனை அனுபவிக்கிறவர்களின் வழக்கையும் மறுபடி திறக்கலாம். “உங்க தொகுதி அசெம்ப்ளி மெம்பர் இன்னும் முடிவு பண்ணல ஆன்ட்டி. அந்தத் தொகுதி ஓட்டர் யாராவது நேர்ல பேசணும். வருவீங்களா?”

போன செப்டம்பரில்தான் சிட்டிசன் ஆனேன். வருகிறேன் என்று எழுதிவிட்டேன். அனுப்பின பிறகு அதையே நாலு தரம் திறந்து படித்தேன். எங்கள் பழைய பக்கத்து வீட்டுக் காமாக்ஷி ஜெயிலுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது.

ஜனவரி 29, புதன்

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ட்ரெண்டன். ஆறு பெண்கள், பத்து நிமிடம். மெம்பர் சாலட் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். நல்ல மனுஷர்தான், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முள்கரண்டியை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா முன்னாடி அடிச்சதா ஒரு போலீஸ் ரிப்போர்ட் கூட இல்லாத கேஸை எப்படி நம்புறது?”

பிரீத்தி என்னைப் பார்த்தாள். மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனது? வாயே திறக்கவில்லை. அப்பேர்ப்பட்ட வாயாடி நான்!

காமாக்ஷி கேஸில் ஏன் அப்படி ஒரு ரிப்போர்ட் இல்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுதித் தொலைக்கிறேன்.

2017. அக்டோபர் மாத ஞாயிறு சாயங்காலம். மான்மவுத் ஜங்ஷன் அபார்ட்மென்டில் காமாக்ஷி எங்கள் பக்கத்து வீடு. திருநெல்வேலிக்காரி, கல்யாணமாகி வந்து எட்டு மாதம். புருஷன் வேலையை ஒட்டின ஹெச்-ஃபோர் விசா, அவளால் வேலைக்குப் போக முடியாது. புருஷன் அடித்ததில் உதடு கிழிந்து எங்கள் கதவைத் தட்டினாள். உள்ளே உட்கார வைத்து ஐஸ் கொடுத்தேன். கீழ்வீட்டு வெள்ளைக்காரி யாரோ போலீசைக் கூப்பிட்டிருந்தாள். வந்தவர் காமாக்ஷியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் கணக்காகிவிட்டது — அவனை அரெஸ்ட் பண்ணினால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், கிரீன் கார்டு வரிசை போகும், ரெண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டும், ஊரில் இவளைத்தான் பேசுவார்கள். “பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், நான் பார்த்தேன்” என்றேன். பார்த்தேனாம்! பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு. மறுநாள் அவர்கள் வீட்டுக்கு வத்தக்குழம்பு கொடுத்தனுப்பினேன். அவன் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்துத் தேங்க்ஸ் சொன்னான்.

ஒன்றரை வருஷம் கழித்து அவன் கழுத்தை நெரித்தபோது, கைக்கு அகப்பட்ட இரும்பு தோசைக்கல்லால் ஒரே அடி அடித்தாள். அவன் செத்துப்போனான். முன்பே அடித்தான் என்று அவள் சொன்னதைக் கோர்ட் நம்பவில்லை. ரிப்போர்ட்டில்தான் பாத்ரூம் இருக்கிறதே. பக்கத்து வீட்டுப் பெண்மணியே பார்த்திருக்கிறாளே. பதினாலு வருஷம் ஜெயில்.

யாரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. எங்கள் கிரீன் கார்டு அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. இதுதான் காரணம், வேறு ஒன்றும் கிடையாது.

பிப்ரவரி 15, சனி

தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. ஸ்கூல் ஆடிட்டோரியம் கிடைக்கிற தேதியில்தான் எங்களுக்குச் சூரியன் வடக்கே திரும்புவார், எனவே பிப்ரவரி நடுவில் பொங்கல். மசோதாவுக்கு ஆதரவு மனுவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டேன். பத்து நிமிஷத்தில் தலைவர் ஜம்புநாதன் வந்தார்.

“ராஜலக்ஷ்மி மேடம், இது குழந்தைங்க வர்ற ஃபங்ஷன். புருஷனைக் கொன்னவளுக்குக் கையெழுத்தா? நம்ம ஆளுங்க பேரு என்னாகும்?”

“அவன் அடிச்சப்ப நம்ம ஆளுங்க பேரு நல்லா இருந்துச்சா சார்?”

“பாலிடிக்ஸ் வேணாம். ப்ளீஸ்.”

இரண்டு வாலன்டியர்கள் மேசையை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மேசையை மட்டும்தானே மடிக்க முடியும்? பெண்கள் பாத்ரூமுக்குப் போனேன். எப்போதும் போல நீள வரிசை. குழந்தைக்கு டயப்பர் மாற்றுகிற பலகையை இறக்கி அதன்மேல் பேப்பரை வைத்தேன். பட்டுப்புடவையும் கையில் க்ளட்ச் பர்ஸுமாக ஒவ்வொருத்தியாகப் படித்தாள், போட்டாள். சிலர் படிக்காமலே போட்டார்கள். ஒருத்தி கை கழுவின ஈரத்தோடு போட்டதில் மை கலைந்துவிட்டது, மறுபடி போட்டாள். மொத்தம் நாற்பத்தொன்று. ஜம்புநாதனின் மனைவியும் அதில் ஒருத்தி. “அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றாள். நான் எதற்குச் சொல்கிறேன்?

பிப்ரவரி 23, ஞாயிறு

இவரிடம் சொன்னேன் — மசோதாவைப் பற்றின கமிட்டி விசாரணையில் சாட்சி சொல்லப்போகிறேன், 2017-இல் பொய் சொன்னதையும் சேர்த்து. காபி டம்ளரை வைத்த வேகத்தில் மேசைவிரிப்பெல்லாம் காபி.

“பைத்தியமா ராஜி உனக்கு? சிட்டிசன்ஷிப் ஃபார்ம்ல என்ன கேட்டான்? கவர்ன்மென்ட் அதிகாரிகிட்ட எப்பவாவது பொய்த் தகவல் சொல்லியிருக்கியான்னு. நோன்னு டிக் பண்ணினியே! மைக்ல போய் யெஸ்ஸுன்னு சொல்லப் போறியா? இப்ப இருக்கற நிலைமைல?”

“நீங்களும்தான் அன்னிக்குக் கதவுக்குப் பின்னாடி நின்னீங்க.”

அனந்தராமன் காபியைத் துடைக்கக்கூட இல்லை. எழுந்து போய் கராஜில் எதையோ அடுக்க ஆரம்பித்தார்.

ஸ்ம்ருதி ஒரு வக்கீலிடம் கேட்டுச் சொன்னாள். அந்தக் கேள்வி மத்திய அரசு அதிகாரிகளைப் பற்றியது, ஊர் போலீஸ் வேறு, ஆபத்து குறைவு — ஆனால் இல்லவே இல்லை என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். “இட்ஸ் யுவர் கால், அம்மா” என்றாள். பயமாகத்தான் இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்கிற வயசில் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டால்?

அனுப்பட்டும். காமாக்ஷிக்கு லெட்டர் எழுதிவிட்டேன். செய்ததைச் சொல்லி, சொல்ல அனுமதி கேட்டு. ஆறு வருஷத்தில் முதல் லெட்டர்.

மார்ச் 8, சனி

பதில் வந்துவிட்டது. கோடு போட்ட தாளில் மூன்றே வரி.

“அக்கா, நீங்க சொன்னது எனக்கு அன்னிக்கே தெரியும், நான் பக்கத்துலதானே இருந்தேன். என்ன வேணுமோ சொல்லிக்கோங்க. என்னைப் பாவம்னு மட்டும் எங்கேயும் சொல்லக்கூடாது.”

எழுதி வைத்திருந்த பேச்சை எடுத்துப் பார்த்தேன். நாலு இடத்தில் பாவம். நாலையும் அடித்தேன்.

மார்ச் 13, வியாழன்

ட்ரெண்டனில் கமிட்டி விசாரணை, ஆளுக்கு மூன்று நிமிடம். பேர் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன்.

“என் பெயர் ராஜலக்ஷ்மி அனந்தராமன். உங்கள் ஓட்டர். காமாக்ஷியின் வழக்கில் இருக்கிற போலீஸ் ரிப்போர்ட் பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்.” அறையில் சலசலப்பு நின்றது. கடைசியில் உட்கார்ந்திருந்த கமிட்டி மெம்பர் ஒருவர் மட்டும் போனைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அவர் நிமிர்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினோரு செகண்ட் போனது, போகட்டும். அப்புறம் கமிட்டியில் உட்கார்ந்திருந்த எங்கள் மெம்பரைப் பார்த்துச் சொன்னேன்: “ரிப்போர்ட் இல்லாத கேஸை எப்படி நம்புவது என்று கேட்டீர்கள். ரிப்போர்ட் இல்லாமல் செய்தவளே எதிரில் நிற்கிறேன். என்னை நம்புங்கள், இல்லாவிட்டால் என் மேல் கேஸ் போடுங்கள். இரண்டில் ஒன்று செய்யுங்கள்.”

முடித்த பிறகுதான் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தது தெரிந்தது. புடவை கட்டிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று.

வெளியே வந்தால் இவர் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஆபீஸ் இல்லையா என்றேன். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

சங்கத்து வாட்ஸப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். தினமும் நூறு குட்மார்னிங் படம் மிச்சம்.

மே 8, வியாழன்

பிரீத்தி அழுகிற குரலில் போன் பண்ணினாள். “கமிட்டி தாண்டிடுச்சு ஆன்ட்டி, ஆனா சபைல ஓட்டு பத்தல. பழைய கேஸுக்குப் பொருந்தாதுன்னு மாத்தினா பாஸ் பண்ணிடலாம்ங்கறாங்க. உங்க மெம்பர்தான் அதைக் கேக்கறார். இதுவாவது கிடைக்கட்டும்னு எங்க குழுலயே பாதிப் பேர் சொல்றாங்க.”

பழைய கேஸ் என்றால் யார்? காமாக்ஷி! இனிமேல் அடிபடப்போகிறவளுக்குச் சட்டம், ஏற்கெனவே அடிபட்டவளுக்கு ஒன்றுமில்லை. என்ன நியாயம்டா இது! வேண்டாம் என்றேன். நாளைக்கே அவர் தொகுதி ஆபீஸில் போய் உட்காரப்போகிறேன்.

மே 9, வெள்ளி

தனியாகப் போகவில்லை. மனுவில் இருந்த நாற்பத்தொரு நம்பருக்கும் போன் போட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். டென்டிஸ்டுக்கும் யூபிஎஸ் கடைக்கும் நடுவில் சின்ன ஆபீஸ், நாலே நாற்காலி. மீதிப் பேர் கார்ப்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். வரவேற்புப் பெண் “அப்பாயின்ட்மென்ட் இருக்கா?” என்றாள். “இல்லை, ஓட்டு இருக்கிறது” என்றேன்.

ஒரு மணிக்கு இவர் எலுமிச்சை சாதம் கொண்டுவந்தார், பத்துப் பேருக்கு. ஆபீஸ்காரர்களுக்கும் கொடுத்தோம். மூன்று மணிக்கு மெம்பர் வந்தார். ஜம்புநாதனின் மனைவி எழுந்தாள். அவள் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. “சார், எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அதனால் நான் பேசுகிறேன். என் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்” என்று பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். ஒருத்தர் விடாமல் எல்லோரும் சொன்னார்கள். மனுஷர் கடைசி வரைக்கும் நின்றபடியே கேட்டார். யோசிக்கிறேன் என்றார்.

அடுத்த வெள்ளியும் வருவோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஜூன் 13, வெள்ளி

ஆறு வெள்ளிக்கிழமை உட்கார்ந்தோம். இன்று வரவேற்புப் பெண்ணே காபி கொடுத்தாள்.

ஜூன் 26, வியாழன்

பாஸ். பழைய கேஸ் பிரிவு அப்படியே இருக்கிறது. எங்கள் மெம்பர் யெஸ். லேபில் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத்தான் மெசேஜைப் பார்த்தேன். பாத்ரூமில் போய் அழுதேன். ஆமாம், அழுதேன்.

பிப்ரவரி 12, 2026, வியாழன்

கவர்னர் கையெழுத்து, காமாக்ஷியின் மனுத்தாக்கல், தள்ளிவைப்பு, மறுபடி தள்ளிவைப்பு — கடைசியில் இன்று கோர்ட். அரசு வக்கீல் என்னைக் கேட்டார்: “அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குச் சொல்றீங்களா?”

“அன்னிக்கு.”

எனக்குப் பின்னால் இவர் சாட்சிக்கூண்டில் ஏறினார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. “நானும் அந்த வீட்டில் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அடிக்கிற சத்தத்தைப் பல நாள் கேட்டிருக்கிறேன்” என்றார். முப்பது வருஷத்தில் இவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஜெயிலில் இதுவரை இருந்ததே போதும் என்று ஜட்ஜ் சொன்னார். காமாக்ஷி திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பிரீத்தியின் ஆபீஸில் காமாக்ஷியைப் பார்த்தேன். பாதித் தலை நரைத்திருக்கிறது. முப்பத்துநாலு வயசுதான்.

“உக்காருங்க அக்கா. மன்னிச்சுட்டேன்னு என்னால சொல்ல முடியல. எப்பவாவது வருமான்னும் தெரியல.”

“அதைக் கேக்க வரல காமாக்ஷி” என்றேன். இதுவும் பொய். அதைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

அவள் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். மூன்று பெண்களின் பெயர், பழைய முகவரி. ஒருத்தி ஸ்பானிஷ்காரி, ஒருத்தி கறுப்பினப் பெண், ஒருத்தி பஞ்சாபி. “என்கூட உள்ள இருந்தவங்க. இவங்களுக்கும் ரிப்போர்ட் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரங்க யாருன்னு தேடிப் பிடிச்சுப் பேசணும். அந்த மாதிரி ஆளுங்ககிட்ட எப்படிப் பேசணும்னு உங்களுக்குத்தானே தெரியும்.”

சுருக்கென்றது. அப்படிச் சுருக்கென்று இருக்கத்தான் சொன்னாள், நல்லா இருக்கட்டும்.

முதல் முகவரி பிஸ்கேட்டவேயில். பழைய பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறாராம். நாளை பதினோரு மணிக்குப் போகிறோம். தானும் வருவதாகக் காமாக்ஷி சொன்னாள். என் காரில் முன் சீட்டில் உட்காருவாளா, பின் சீட்டிலா, தெரியவில்லை. இரண்டையும் துடைத்து வைத்திருக்கிறேன்.