இருபத்தேழாவது தடவை

மார்ச் 3

இன்டர்நெட் கம்பெனியில் குறை கேட்கிற ஆளுக்கு,

வணக்கம் சொல்ல மனசில்லை. ஆனாலும் கடிதம் என்றால் வணக்கத்தில்தான் தொடங்கணும் என்று எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் சொல்லியிருக்கிறாள். அதனால் வணக்கம்.

உங்கள் போன் நம்பருக்குப் பதினோரு தரம் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்கிறாள் ஒருத்தி. அழுத்தினால் பாட்டுப் போடுகிறாள். பாட்டுக் கேட்கவா கூப்பிட்டேன்? அதனால்தான் காகிதம். காகிதம் என்றால் யாராவது ஒருத்தர் கையில் வாங்கித்தானே ஆகணும்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி, பின்பக்கம். உங்கள் பெட்டி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவரில், என் தலை உயரத்துக்கு மாட்டியிருக்கிறது. பச்சை விளக்கு எரிந்தால் இன்டர்நெட் உண்டு, சிவப்பு எரிந்தால் கிடையாது. ஜனவரி பிறந்ததிலிருந்து இருபத்தேழு தடவை போயிருக்கிறது. என் படிப்புத்தான் மூன்றாம் வகுப்போடு நின்றது, ஞாபகம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இருபத்தாறையும்கூட மன்னிப்பேன். பிப்ரவரி 26, புதன்கிழமை, சாயங்காலம் நாலு பத்துக்குப் போனதை மன்னிக்க மாட்டேன். என் அக்காவைப் பற்றி ஆஸ்பத்திரிக் குழுவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பாதிப் பேச்சில் எல்லார் முகமும் போய்விட்டது.

இதற்குப் பதில் வேணும். காகிதத்தில் வேணும்.

இப்படிக்கு, கோபத்தோடு,
மூன்றாம் மாடிப் பாட்டி


மார்ச் 10

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சுவிட்சை அணைத்து, பத்து வரை எண்ணி, மீண்டும் போடவும். பெரும்பாலான குறைகள் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் எங்கள் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யவும்.

தங்கள் உண்மையுள்ள,
குறைதீர்ப்புப் பிரிவு, இரண்டாம் மேசை


மார்ச் 13

இரண்டாம் மேசைக்கு,

வணக்கம். இன்டர்நெட் இல்லை என்கிற புகாரை இன்டர்நெட்டில் போடச் சொல்கிறாயே, உன்னைப் பெற்றவள் உன்னைத் தொட்டிலில் தலைகீழாகப் போட்டாளா?

அந்தச் சுவிட்சு எனக்குத் தெரியும். காதில் பென்சில் சொருகிக்கொண்டு வந்தானே உங்கள் ஆள், அவன் போன மாதமே காட்டிக்கொடுத்துவிட்டான். "பாட்டி, இதை அமுக்கினா செத்துடும், திரும்ப அமுக்கினா உயிர் வந்துடும்" என்றான். நல்ல வைத்தியம். எத்தனை தரம் கொன்று எழுப்புவது?

நீ படித்த ஆள் மாதிரி எழுதுகிறாய். அதனால் விஷயத்தை முழுசாகச் சொல்கிறேன், கேள்.

ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வாந்திபேதி வந்தபோது, தொற்று வார்டில் டாக்டர் ஓடிப்போனபிறகு, பத்தொன்பது நாள் தனியாக நின்று அறுபது பேரைப் பார்த்துக்கொண்டாளே ஒரு நர்ஸ், உங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில்கூடப் படம் இருந்திருக்கும். ஊருக்கு அவள் 'பெரிய சிஸ்டர்'. எனக்குக் கூடப் பிறந்த அக்கா. அவள் பெயரில் இப்போது புதுக் கட்டடம் கட்டுகிறார்கள். வாசல் சுவரில் அவள் வம்சத்தையும் கல்லில் வெட்டப்போகிறார்களாம். சொந்தம் என்று சொல்கிறவர்கள் ஆதாரம் காட்டி, வீடியோவில் குழுவோடு பேசி முடிக்கணும். பேசி முடித்தவர் பெயர்தான் கல்லில்.

அவள் உயிரோடு இருந்தபோது ஒரு வாய் காப்பி கொடுக்காதவர்கள் இன்றைக்கு வரிசையில் நிற்கிறார்கள். அதில் முதல் ஆள் எங்கள் பெரியப்பா மகன், பல் டாக்டர். அக்கா உட்கார்ந்து எழுந்த நாற்காலியைச் சோப்புப் போட்டுக் கழுவினவள் இவன் அம்மா. நான் என் கண்ணால் பார்த்தேன், பச்சை நாற்காலி, கை உடைந்தது. இவன் குழுவிடம் "எங்க வீட்டுக் கதவு அக்காவுக்கு எப்பவும் திறந்தே இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறான். இவன் வீட்டில் மட்டும் இன்டர்நெட் நிற்கவே இல்லை பார்.

என் பேத்தி வேற ஊரில் படிக்கிறாள். மூன்று மாதம் அலைந்து பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடப் பதிவு எல்லாம் தேடி எடுத்தாள். நர்ஸ் படிப்பில் சேர்ந்த பதிவேடும் கிடைத்தது. தகப்பனார் கையெழுத்து என்கிற இடத்தில் அக்காவே அப்பா பெயரைப் போட்டிருக்கிறாள். அப்பா எங்கே போட்டார், அவள் நர்ஸ் படிப்புக்குப் போகக் கூடாது என்று ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தவர். அந்தக் கோணல் எழுத்து எனக்குத் தெரியும். என் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்ததே அந்தக் கைதான். இத்தனையும் காட்டி, பேச உட்கார்ந்தால், நாலு பத்துக்குச் சிவப்பு.

"பேச்சு முடியவில்லை, அதனால் சேர்க்க முடியாது" என்று எழுதிவிட்டார்கள். லைன் பழுது என்று கம்பெனி கடிதம் கொடுத்தால் இன்னொரு தரம் பேசவிடுவார்களாம். ஏப்ரல் 10 கடைசி நாள். அந்தக் கடிதம் எனக்கு வேணும். கல்லில் பல் டாக்டர் பெயர் இருந்து என் பெயர் இல்லாமல் போனால், தினமும் உங்கள் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவேன். எனக்கு வேற வேலை இல்லை.

மூன்றாம் மாடிப் பாட்டி


மார்ச் 20

பாட்டிக்கு,

வணக்கம். என்னைப் பெற்றவரை இழுக்க வேண்டாம். அவர் போன வருஷம் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்குத் தலை வாரிவிட்டது மகள் நான் இல்லை, ஒரு நர்ஸ். நான் அப்போது இந்த மேசையில் உட்கார்ந்து, "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் கடிதத்தை மேலே தள்ளாமல் நானே வைத்துக்கொண்டேன்.

பழுதுக் கடிதம் கொடுக்க எங்கள் பதிவோடு நாள், நேரம் ஒத்துப்போகணும். இருபத்தேழையும் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொன்றாக நான் பார்க்கிறேன். ஞாபகம் இருக்கிறவரை போதும்.

ஒன்று சொல்லட்டுமா, எங்கள் வீட்டிலும் இதே கம்பெனிதான். எங்களுக்கும் சிவப்புத்தான்.

இரண்டாம் மேசை


மார்ச் 24

இரண்டாம் மேசைப் பெண்ணுக்கு,

வணக்கம். ஞாபகம் இருக்கிறவரையா? என் கல்யாணத்தில் எனக்கு உப்பில்லாமல் பரிமாறினவன் சட்டையில் எத்தனை பொத்தான் என்று சொல்லட்டுமா? நாலு. ஒன்று அறுந்திருந்தது.

பட்டியல் பின்பக்கம் இருக்கிறது. நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதவில்லை, நடந்ததை வைத்து எழுதினேன். ஜனவரி 9 காலை எட்டே கால், பால் பொங்கி மருமகள் ஓடினபோது. பிப்ரவரி 11, பேரன் பரீட்சையில் ஏழாவது கேள்விக்குப் போனபோது. அவன் அழுதான், நான் பெட்டியைத் திட்டினேன், மகன் என்னைத் திட்டினான். பிப்ரவரி 19 ஒரே நாளில் மூன்று தரம். எல்லாம் இருக்கிறது, பார்த்துக்கொள்.

உன் அம்மாவை இழுத்தது தப்புத்தான். இப்போது நடக்கிறாரா?

குழுவிடம் நான் சொல்ல வந்ததை உனக்கும் சொல்கிறேன், யாருக்காவது தெரியட்டும். பத்தொன்பதாவது நாள் வார்டைத் திறந்ததும் அக்கா நேரே வீட்டுக்குத்தான் வந்தாள். மத்தியானம் இரண்டு மணி வெயில். கதவைத் தட்டினாள். எங்கள் அப்பா கதவைத் திறக்கவில்லை. நோயைக் கொண்டுவருகிறாள் என்று பயம். பெற்ற மகள், அறுபது உயிரைக் காப்பாற்றிவிட்டு வந்து நிற்கிறாள், திறக்கவில்லை. அதோடு அவள் இந்தப் பக்கமே வரவில்லை, நர்ஸ் விடுதியிலேயே காலம் தள்ளி அங்கேயே செத்தாள். அப்பா போய் முப்பது வருஷம் ஆச்சு. நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. என் பிள்ளைகள், பேரன் பேத்தி எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் கடிதம் அனுப்பு.

பாட்டி


ஏப்ரல் 1

அன்புள்ள பாட்டிக்கு,

வணக்கம். அம்மா கைத்தடியோடு நடக்கிறார். கேட்டதற்கு நன்றி. உங்கள் பட்டியலை அவருக்கும் படித்துக் காட்டினேன், பால் பொங்கினதற்குச் சிரித்தார்.

மூன்று நாள் உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர்கூட வந்து நின்றுவிட்டார். இருபத்தாறும் நீங்கள் எழுதினபடியே இருக்கிறது. சிலது நிமிஷம்கூடத் தப்பவில்லை. இருபத்தாறும் எங்கள் தப்பு. அதை நான் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 26 மட்டும் பொருந்தவில்லை. லைன் அறுந்தால் பதிவில் ஒரு மாதிரி இருக்கும், பெட்டியைச் சுவிட்சில் அணைத்தால் வேற மாதிரி இருக்கும். அன்று நாலு பத்துக்கு லைன் நன்றாக இருந்தது. உங்கள் மேல்மாடி, கீழ்மாடி வீடுகளிலும் இன்டர்நெட் நிற்கவில்லை. உங்கள் பெட்டி மட்டும் வீட்டிலிருந்தே அணைக்கப்பட்டு, நாலு ஐம்பதுக்கு மறுபடி போடப்பட்டிருக்கிறது. யாருடைய கையாவது தெரியாமல் பட்டிருக்கலாம். நான் உங்களைக் குறை சொல்லவில்லை பாட்டி.

அந்த நாளுக்குக் கடிதம் கொடுக்க எனக்கு வழியில்லை. ஆனால் "பிப்ரவரி மாதம் இவ்வீட்டில் சேவை பலமுறை தடைபட்டது" என்று நாள் போடாமல் ஒரு கடிதம் தரலாம் என்று மேலதிகாரி சொன்னார். அது பொய்யில்லை. குழுவுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். முத்திரை வைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். உங்கள் பெயர் கல்லில் வரட்டும்.

அன்புடன்,
இரண்டாம் மேசை


ஏப்ரல் 3

இரண்டாம் மேசைக்கு,

உன் பதிவு பொய். உன் மெஷின் பொய். கிழவிதானே, எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள் என்று நினைத்தாயா? எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சுவிட்சைத் தொடவில்லை. தொட்டதாக இன்னொரு வார்த்தை எழுதினால் பார்.

மூன்றாம் மாடி


ஏப்ரல் 6

இரண்டாம் மேசைப் பெண்ணுக்கு,

வணக்கம். போன கடிதத்தில் வணக்கம் போடவில்லை. இதில் இரண்டு என்று வைத்துக்கொள்.

உன் மேல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். சோறு இறங்கவில்லை. மருமகள் "எந்தக் கம்பெனிக்காரி உங்களை இப்படிப் பண்ணினா?" என்று கேட்டாள். "ஒரு பொய்க்காரி" என்றேன். சொல்லிவிட்டு அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

நான்தான் அணைத்தேன்.

வீட்டில் யாரும் இல்லை அன்றைக்கு. பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பல் டாக்டர் அம்மா நாற்காலி கழுவினதைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அப்புறம் குழுவில் கண்ணாடி போட்ட அம்மா, "உங்க அக்கா கையால எழுதின நோட்டு ஒண்ணு விடுதியில கிடைச்சுது, ஒரு வரி படிக்கிறேன் கேளுங்க" என்றாள். படித்தாள். 'வார்டு திறந்தது. வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது, யாரும் இல்லை. திரும்பி வந்தேன்.' படித்துவிட்டு என்னைப் பார்த்து, "அன்னிக்கு எல்லாரும் எங்கம்மா போயிருந்தீங்க? நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். ரொம்ப அன்பாகத்தான் கேட்டாள்.

நான் எழுந்து போய் அமுக்கிவிட்டேன். உங்கள் ஆள் காட்டிக்கொடுத்த இடத்தில். நாற்பது நிமிஷம் கழித்து மறுபடி அமுக்கிவிட்டு, மருமகள் வந்ததும் "போச்சு, பாதியில போச்சு" என்று கத்தினேன். மகனிடம் கத்தினேன். பேத்தியிடம் போனில் அழுதேன். உனக்கு எழுதும்போது எனக்கே அது உண்மையாகிவிட்டது. எனக்கு அது பழக்கம்.

அன்றைக்கு அப்பா வீட்டிலேயே இல்லை, மகளே. வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நான் ஒருத்திதான், என் மூத்தவன் நாற்பது நாள் குழந்தை, மடியில். அக்கா தட்டினாள். என் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். நான் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். ஏற்கெனவே போட்டிருந்த தாழ்ப்பாளுக்கு மேலே இன்னொன்று. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். செருப்பில்லை, வெள்ளை உடுப்பு மஞ்சளாகிக் கிடந்தது. "தண்ணியாவது வெளிய வை" என்றாள். குழந்தை அழுதது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "சரி, பையனா? நல்லாப் பாத்துக்கோ" என்றாள். போய்விட்டாள். தண்ணீர் நான் வைக்கவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஊர் கேட்டபோது, அப்பா பெயரைச் சொன்னேன். அவரும் ஏற்கெனவே அவள் மேல் கோபத்தில் இருந்ததால் பொருத்தமாகப் போச்சு. ஐம்பத்தெட்டு வருஷம் அந்த மனுஷனைத் திட்டியிருக்கிறேன், செத்தபிறகும் விடவில்லை. அவளானால் எழுதி வைத்திருக்கிறாள், வீடு பூட்டியிருந்தது, யாரும் இல்லை என்று. தன் சொந்த நோட்டில். யாரும் படிக்காத நோட்டில் எதற்குப் பொய் எழுதணும்? அதுதான் எனக்கு ஆத்திரம். என்னைத் திட்டி ஒரு வரி எழுதியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

உன் முத்திரைக் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் பொய் இல்லைதான். அக்கா நோட்டிலும் பார்த்தால் பாதி உண்மைதான், கதவு பூட்டித்தானே இருந்தது. எனக்கு அந்த மாதிரி உண்மை போதும் போதும் என்று ஆகிவிட்டது.

புதன்கிழமை, ஒன்பதாம் தேதி, பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கே போகிறேன். மகன் கூட வருகிறான். அன்றைக்கு மடியில் இருந்தவன். அவனுக்கும் அங்கேதான் தெரியப்போகிறது, ஐம்பத்தெட்டு வயசில். வீடியோ வேண்டாம். முகத்துக்கு முகம் பேசினால் நடுவில் அணைக்கச் சுவிட்சு கிடையாது. கண்ணாடி அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அதற்கப்புறம் என் பெயரைக் கல்லில் வெட்டுவதும் வெட்டாததும் அவர்கள் இஷ்டம். பல் டாக்டர் பெயரை வெட்டினால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன், அது வேற வழக்கு.

உன்னைப் பொய்க்காரி என்று சொன்னதை மருமகளிடம் திருத்திச் சொல்லிவிட்டேன். உன் அம்மாவுக்கு இந்த வாரம் நீயே தலை வாரிவிடு.

இருபத்தாறுக்கும் உங்கள் கம்பெனி பதில் சொல்லியே ஆகணும், அதை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபடி சிவப்பு எரிகிறது. காலை பத்து இருபது. இருபத்தேழு என்று எழுதிக்கொள். இந்தத் தடவை நான் தொடவில்லை.

பெரிய சிஸ்டரின் தங்கை