கருங்கிடாயின் சம்மதம்

அன்புத் தங்கை அனுராதாவுக்கு,

மலைமேல் ஆலத்தூர் நாட்டிலிருந்து அக்கா பாப்பாத்தி எழுதுவது. நானும் உன் மாமாவும் பதினான்கு ஆடுகளும் சுகம். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், நீயும் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது, ஆட்டை வெட்டாமல் துளி சதை எடுத்து உங்கள் ஆய்வுக்கூடத்தில் கறி வளர்ப்பதாகச் சொன்னாய். மலையாட்டு ருசி வேண்டும், நம் கருங்கிடாயிடம் எடுக்கட்டுமா என்று கேட்டாய். உன் கறி வந்தால் என் ஆட்டை எவன் வாங்குவான், என் வயிற்றில் அடிக்கத்தான் படித்தாயா என்று கத்திவிட்டேன். நீ பாதிச் சோற்றில் எழுந்து போனாய். அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

போன வாரம் உங்கள் ஆபீஸ் பெண் அருணா, கால்நடை டாக்டரோடு பக்கத்து மலையூர் திண்ணனூர் நாட்டுக்கு வேறு ஆடு பார்க்க வந்தாளாம். அங்கே ஆடு வளர்க்கிற யுவராஜ் தன் ஆட்டைக் காட்டினானாம். அது மலைக்குக் கீழே சந்தையில் வாங்கியது. அதையா மலையாடு என்று கொண்டுபோவது? எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவை அனுப்பி இருவரையும் இங்கே அழைத்து வந்தேன்.

ஆனால் கிடாயைக் கேட்காமல் எப்படித் தருவது? கோயிலில் செய்வதுபோல் கிடாயின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். உடம்பைச் சிலிர்த்தால்தானே சம்மதம்? அது கல்லாக நின்றது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெட்டுக்கு இல்லை சாமி, நம்ம அனுவுக்குத்தான் என்றேன். கொம்பு முதல் வால் வரை அப்படியொரு சிலிர்ப்பு. டாக்டர் சட்டையெல்லாம் மஞ்சள்.

மரத்துப்போக ஊசி போட்டு, தொடையில் மிளகளவு எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். கிடா அப்போதே பலாத் தழை மேயப் போய்விட்டது.

பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் நல்ல மலையாடு உயிரோடு இருந்தால்தான் மறுபடியும் எடுக்க முடியும், வளர்க்கிறவர்கள் வேண்டும் என்றாள் அருணா. ஊர் உலகம் கேட்கிற கறிக்கெல்லாம் ஆடு மேய்த்தால் மலை மொட்டையாகிவிடுமுங்க, அந்தக் கறியும் வரட்டும் என்று மாமாவும் அவளிடம் சொன்னார். நான் கத்தவில்லை. நம்பு.

கறியாக வளர்ந்து இலைக்கு வர வருஷங்கள் ஆகுமாம். வந்தால் நானே வறுத்துத் தின்று பார்த்து உள்ளதைச் சொல்வேன். அதுவரை உன்னோடு பேசாமலிருக்க என்னால் ஆகாது கண்ணு. இந்தச் சனிக்கிழமையே வா. வெறுங்கையோடு வா.

உன் கை தொட்டதெல்லாம் தழைக்கட்டும்.

பஸ் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வரும்
உன் அக்கா,
பாப்பாத்தி