மேட்டில் நான் நின்ற இடங்கள்

நங்கை,

நேற்று மிளகு காயப்போடச் சாக்குத் தேடினேன். பழைய சாக்குகளுக்கு அடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை அகப்பட்டது. பிரித்தால் என் இ.சி.ஜி. தாள்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். அவற்றோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் நீங்கள் போட்ட கோடுகள், வட்டங்கள். கை பட்டதும் ரப்பர் பேண்டு இற்று அறுந்தது. தாள்களை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாசலில் மிளகு கொட்டியபடியே கிடந்தது.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு மலைமேல் இந்தப் பெரக்கரை நாட்டுக்கு வந்த நாள் முதல் உங்களைக் கண்டால் எனக்கு நடுக்கம்தான். அடுத்த வீட்டிலேயே இருந்தீர்கள். என் அடுப்புப் புகையைப் பார்த்தே ஈர விறகு வைத்திருக்கிறேன் என்று சத்தம் போடுவீர்கள். அதனால்தான் நெஞ்சுவலி வந்தபோது மற்ற எல்லாரையும்விட உங்களிடம்தான் அதிகமாக மறைத்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மரவள்ளி மூட்டையோடு காட்டிலிருந்து மேடேறும்போது, யாரோ நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி அழுத்துவது போலிருக்கும். மூச்சு பாதியிலேயே நின்றுவிடும். நின்றால் குறையும், நடந்தால் மறுபடி வரும். சில நாள் சும்மா உட்கார்ந்து கீரை ஆயும்போதும் வந்தது. யாராவது பார்த்தால் செருப்பில் முள் குத்தியதுபோலக் குனிந்துகொள்வேன்.

நீங்கள் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

"ஏ புள்ள, பலாமரத்துகிட்ட நின்ன. பாறைகிட்ட நின்ன. இப்ப இங்க நிக்கற. என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்க நங்கை. கொஞ்சம் மூச்சு வாங்குது."

"எத்தனை நாளா?"

"ஆடியில இருந்துங்க."

அப்போது தை பிறந்திருந்தது. ஏணியைவிட்டு இறங்கி வந்தீர்கள். என் தலைச்சுமையை வாங்கி உங்கள் தலையில் வைத்துக்கொண்டு முன்னே போகச் சொன்னீர்கள். திட்டவே இல்லை. நீங்கள் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் வளைவுகளில் எனக்கு இரண்டு தரம் குமட்டியது. கீழே டவுனில் பார்த்த டாக்டர் வாயு என்றார், காரத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். வலி குறையவில்லை. அடுத்தவர் இ.சி.ஜி. எடுத்தார். நன்றாகத்தான் இருக்கிறது, தீட்டு நிற்கிற வயதில் பெண்களுக்கு இப்படித்தான் படபடப்பாக இருக்கும் என்றார். மூன்றாவதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். எங்கேயும் அடைப்பில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

உங்கள் தம்பி அன்றைக்கு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் மகிழ்ச்சிதான். அது ஒரு வாரம் இருந்தது. எட்டாம் நாள் அதே பலாமரத்தடியில், அதே வலி.

அவரிடம் சொன்னேன். "அவ்வளவு பெரிய டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டாரு. நீயா நெனச்சுக்கறியோ என்னமோ," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். கொஞ்ச நாளில் நானும் நம்பத் தொடங்கினேன். வேலைக்குப் பயந்துகொண்டு என் உடம்பே என்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். வலியைவிட அந்த நினைப்புதான் என்னை அதிகமாக வாட்டியது. இனி யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

நீங்கள் விடவில்லை. கிணற்றடியில் என்னை மடக்கிப் பிடித்துக் கேட்டீர்கள்.

"உனக்கு வலிக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"வலிக்குதுங்க."

"அப்ப என்னமோ இருக்குது. அவங்களுக்குத் தெரியல. அவ்வளவுதான்."

அதற்கப்புறம்தான் இந்தத் தாள்கள். உங்களுக்குப் பெயர் எழுதவே கை வராது. ஆனாலும் தினமும் காலண்டரில் கிழித்த தாளையும் பென்சிலையும் இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு நடந்தீர்கள். நான் நின்றால் ஒரு கோடு. வலித்தால் ஒரு வட்டம். சும்மா இருக்கும்போது வலி வந்தால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் ஒரு நாள் விடவில்லை.

வைகாசியில் இன்னொரு ஊரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நார்மலா இருக்கேம்மா," என்றார். நான் எழுந்துவிட்டேன். நீங்கள் எழவில்லை. காலண்டர் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா, அதெல்லாம் மெஷின் எழுதுனதுங்க. இது நான் இவகூடவே நடந்து எழுதுனது. இதையுங் கொஞ்சம் பாருங்க."

அவர் சிரித்துவிடுவாரோ என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். புள்ளி எதற்கு என்று கேட்டார். காலையில் குளிரில் அதிகமா, எத்தனை நிமிஷம் இருக்கும், தாடைக்கு ஏறுமா, கைக்கு இறங்குமா என்று கேட்டார். அதுவரைக்கும் யாரும் இதையெல்லாம் என்னிடம் கேட்டதில்லை. நான் தயங்கிய இடங்களில் நீங்கள் பதில் சொன்னீர்கள். பிறகு இன்னொரு ஸ்கேன் எடுக்க வைத்தார். அது வந்ததும் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"பெரிய ரத்தக்குழாய்ல அடைப்பில்ல, அவங்க சொன்னது சரிதான். ஆனா இதயத்துக்குள்ள மயிரிழை மாதிரி சின்னக் குழாய்ங்க நிறைய இருக்கு. உங்களுக்கு அது விரிய வேண்டிய நேரத்துல விரியாம இறுகிக்குது. நீங்க எடுத்த படத்துல அது தெரியாதும்மா. முழுசாப் போகும்னு சொல்லமாட்டேன். மாத்திரையில நல்லா அடக்கி வைக்கலாம். இது நீங்களா நினைச்சுக்கிட்டதில்ல."

கடைசியாகச் சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் விம்மி விம்மி அழுதேன். இதயத்தில் நோய் இருக்கிறது என்று கேட்டு நிம்மதியில் அழுதவள் அங்கே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். உங்கள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழுவாத கண்ணு. அதான் என்னன்னு தெரிஞ்சுபோச்சுல்ல," என்றீர்கள். இருபத்தைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டீர்கள்.

திரும்பும்போது பஸ் மலையேறத் தொடங்கியதும் நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் பார்த்தே இராத என் மாமியாரைப் பற்றிப் பேசினீர்கள். அவரும் மேட்டில் நின்று நின்றுதான் வருவாராம். வாயு என்று நீங்கள்தான் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தீர்களாம். ஒரு நாள் களத்துக்குப் போகும் வழியில் வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம்.

"வேலைக்குப் பயந்து உக்காந்துக்காதன்னு சொல்லிப்போட்டு நான் முன்னால போயிட்டேன் புள்ள. கொஞ்ச நேரம் திரும்பிக்கூடப் பாக்கல. பாத்தப்ப சாஞ்சு கெடந்தாங்க."

"தம்பிகிட்டச் சொல்லிப்போடாத," என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்ப்பேறிய கை. ஊர் வரும் வரைக்கும் விடவில்லை.

அதன்பின் இரண்டு வருஷத்துக்கு மேல் எனக்கு நல்லபடியாகவே போனது. மாத்திரை பிடித்துக்கொண்டது. வலி அபூர்வமாகத்தான் எட்டிப் பார்த்தது. உங்கள் சத்தமும் திரும்பி வந்தது. நான் மாத்திரை போட ஐந்து நிமிஷம் பிந்தினால் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே ஊருக்குக் கேட்கும்படி கத்துவீர்கள்.

போன ஐப்பசியில் சாமைக் காட்டில் உங்களுக்கு ஒரு பக்கம் கை விழுந்தது. வாய் கோணியது. ஜீப்பில் கீழே கொண்டுபோனோம். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. எனக்காக எத்தனை வாசலில் உட்கார்ந்து எத்தனை கேள்வி கேட்டீர்கள்! உங்களுக்காக ஒரு கேள்வி கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, நங்கை. உங்கள் கால்மாட்டில் நின்று உங்கள் தம்பி, "அக்கா யாரையும் பாதியில விட்டுட்டுப் போனவளே இல்ல," என்று அழுதார். பஸ்ஸில் நீங்கள் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவர் சொன்னது பொய்யென்றும் எனக்குத் தோன்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை வாசலூர்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பஸ்ஸைவிட்டு இறங்கி ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சு இறுகியது. அங்குள்ள ஏரியில் படகுச் சவாரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ரோடு நெடுகப் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டுச் சேலையோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்து மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டேன்.

உங்கள் தம்பி பத்தடி போய்த் திரும்பி வந்து, "என்னாச்சு?" என்றார்.

"வலிக்குதுங்க. நெஞ்சுக்கு நடுவுல. தாடைக்கும் ஏறுது. கொஞ்ச நேரம் உக்காரணும்."

வார்த்தை தடுமாறாமல் வந்தது. குரலில் கெஞ்சல் இல்லை. அவர் சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "இருக்கட்டும், மெதுவாப் போலாம்," என்றார். வலி இறங்கி, நானாக எழுந்திருக்கும் வரைக்கும் அவர் எழவில்லை.