கவர் போட்ட குளம்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது, இங்கே வீட்டில் எல்லோரும் சுகம், குளத்தில் மீன்களும் சுகம், அங்கே உன் சுகத்துக்கும் உன் வீட்டுக்காரர் சுகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடவும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்தது அத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். யாரிடம் சொன்னீர்கள் என்று உன் சித்தி பக்கத்தில் நின்று கேட்கிறாள். மனசுக்குள் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானே. உன் அப்பா பேனாவை எடுத்தால் இரண்டாவது வரியில் கொட்டாவி விடுவார், அதனால் உன்னை வளர்த்ததில் பாதி வேலை பார்த்தது போல இந்தக் கடிதத்தையும் நானே பார்த்துவிடுகிறேன்.

பம்ப்செட் கடை வேலையை விட்டுவிட்டு உன் அப்பா வீட்டுக்குப் பின்னால் மீன் குளம் வெட்டியபோது தெருவே சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அங்கிருந்தபடியே கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டாய், மீன்வளத் துறை மானியத்தில் மீன்குஞ்சு, தீவனம், கூடவே இரண்டு கருவியும் வந்து இறங்கின. ஒன்று தண்ணீரில் தொங்கவிடும் சென்சார், மீன் மூச்சு விடக் குளத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று போனுக்கு எண்ணாக அனுப்பும். இன்னொன்று குளத்து நடுவில் மிதந்து தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரம், எண் நாலுக்குக் கீழே இறங்கினால் தானாகவே சுற்றும். ஆனால் ஒரு நிபந்தனை, அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் கருவிகள் நமக்கே, இல்லாவிட்டால் கழற்றிக்கொண்டு போய் வரிசையில் அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க உன் அப்பா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுக் குளத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். "வேலையையும் விட்டாச்சு, இதுவும் போச்சுன்னா எம்பொண்ணு மூஞ்சில எப்படிடா முழிப்பேன்" என்றார். நான் இருக்கும்போது உங்களுக்கென்ன அண்ணே என்றேன். அதுதான் கவலையே என்று உள்ளேயிருந்து உன் சித்தி சொன்னாள், அதை நான் காதில் வாங்கவில்லை.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியாததா. டிவி ரிமோட்டுக்குக் கவர், எடை மெஷினுக்குக் கவர், என் கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தையில் இன்றைக்கும் புரண்டு படுத்தால் சரசரக்கிறது. வீட்டுச் சாமானுக்கே இந்த மரியாதை என்றால் அரசாங்கச் சாமானுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும். சென்சார் சேற்றுத் தண்ணீரில் கிடப்பதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை, தடித்த பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்டால் கழுத்தை இறுக்கி இறக்கினேன். மிதந்தது. கல்லைக் கட்டி அமுக்கினேன். சக்கரத்துக்கும் சுவிட்சை அணைத்துத் தார்ப்பாய் போர்த்தி, அந்தக் காலத்தில் லாரிக்கு லோடு கட்டிய கையால் முடிச்சுப் போட்டேன். கவருக்குள்ள இருந்தா அதுக்கு எப்படிடா தெரியும் என்று உன் அப்பா இழுத்தார், நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே பேப்பர் படிக்கிறீங்க என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்தேன். அன்றிலிருந்து போனில் எட்டு. காலையில் எட்டு, மத்தியானம் எட்டு, மழை கொட்டினாலும் எட்டு. நம்ம குளத்துக்கு மெஷினே தேவைப்படவில்லை, நான் கை வைத்த தண்ணீர் அப்படி என்று டீக்கடையில் சொல்லி வைத்தேன். "எட்டாவதோட நின்ன ஆளு, குளமும் எட்டுலதான் நிக்கும்" என்றார் டீக்கடைக்காரர். வயிற்றெரிச்சல். எட்டாவதை இரண்டு தடவை படித்தவன் நான், கூட்டிப் பார்த்தால் பதினாறாவது.

அதிகாரி வந்த அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது, அதற்கு முந்தின நாளும் வெயில் இல்லை, வெயில் இல்லாவிட்டால் குளத்தில் ஆக்சிஜன் குறையுமாம், அது பிற்பாடுதான் தெரிந்தது. காலையில் பார்த்தால் மீன்கள் மொத்தமும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. என்னங்க இதுங்களுக்கு மூச்சு முட்டுற மாதிரி இருக்கே என்றாள் உன் சித்தி. நான் போனைக் காட்டி, எட்டு இருக்கு பாரு, அதிகாரியை வரவேற்க வந்திருக்குதுங்க என்றேன். ஜீப்பில் வந்த அதிகாரி அம்மா முதலில் குளத்துக் கழிவுத் தண்ணீர் வெண்டைப் பாத்திக்குப் பாயும் வாய்க்காலைப் பார்த்து, சொட்டுத் தண்ணி வீணாகல, நல்லாப் பண்ணியிருக்கீங்க என்றார், உன் அப்பா முகத்தில் அப்போதுதான் ரத்தமே ஓடியது. கரைக்கு வந்ததும் அந்த அம்மா முகம் மாறிவிட்டது. கயிற்றைப் பிடித்துச் சென்சாரை இழுத்தார், பலூன் மாதிரி கவர் வந்தது. என்னங்க இது என்றார். பாதுகாப்புங்க மேடம் என்றேன். "ஐயா, இது குளத்துல இருக்கறதச் சொல்லல, கவருக்குள்ள நீங்க அடைச்சு வச்ச காத்தைச் சொல்லிக்கிட்டிருக்கு" என்று கவரைக் கிழித்துத் தண்ணீரில் விட்டார். எட்டு மளமளவென்று இறங்கி இரண்டில் நின்றது.

சக்கரத்தைப் போடலாம் என்றால் தார்ப்பாய். உன் அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முடிச்சோடு மல்லுக்கட்டினார், என் முடிச்சாயிற்றே, இம்மி அசையவில்லை. கத்தி எங்கடா என்று கத்தினார். கத்திக்கும் உறை, உறைக்கும் முடிச்சு. மீன்கள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன, உன் அப்பா முடிச்சைப் பல்லால் கடிக்க ஆரம்பித்தார் மகளே, அப்புறம் நான் யோசிக்கவே இல்லை, கரையிலிருந்து புலி மாதிரி ஒரே பாய்ச்சலாகக் குளத்தில் குதித்து இரண்டு கையாலும் இரண்டு காலாலும் தண்ணீரை அடித்தேன், நுரை பொங்கியது, அத்தனை மீனும் மூச்சுத் தேடி என்னைச் சுற்றி மொய்த்துவிட்டன. அதற்குள் உன் சித்தி காய்கறி நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து உன் அப்பாவிடம் கொடுக்க, கயிறு அறுந்தது, எல்லோரும் கரையேறிய பிறகு சுவிட்சைப் போட்டார்கள், சக்கரம் ஜம்மென்று சுற்றியது. ஒரு கூடை மீன் போனது, மற்றதெல்லாம் மெல்ல அடியில் இறங்கி நீந்தின. அந்த அம்மா அதுவரை பொறுமையாக நின்று பார்த்துவிட்டு, வாய்க்காலைப் பார்த்தா உழைக்கிற ஆளுங்கன்னு தெரியுது, மெஷின் ரெண்டும் இங்கேயே இருக்கட்டும், ஆனா எதுக்கும் கவர் கூடாது, தினம் விடியக்காலையில யாராவது கண்ணால மீனைப் பாருங்க, போனை மட்டும் நம்பாதீங்க என்றார். அந்த வேலையை உன் சித்தியிடம் கொடுத்தார். எனக்கு ஏதாவது வேலை உண்டா என்று கேட்டேன். ஒண்ணும் கட்டாம இருந்தா போதும் என்றார். உன் அப்பா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார், அன்றைக்கு மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார்.

நீயும் அங்கே வாங்கிய புது ஃபிரிட்ஜின் கவரை இன்றைக்கே பிரித்துவிடு, மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போடு. கட்டியவனோடு நோய்நொடி இல்லாமல், நீ தொட்டதெல்லாம் துலங்க நல்லா இரும்மா. இன்னொன்று, உன் சித்தி போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். குதித்தேன் என்று எழுதினேனே, அதைக் கொஞ்சம் ஜோடித்துவிட்டேன். கால் வழுக்கி விழுந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. உன் அப்பா இடுப்பளவில் நிற்கிறார் என்பதெல்லாம் அந்த நேரத்தில் கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பேன், அப்படி உயிரைக் கொடுத்து அடித்திருக்க மாட்டேன், மீனும் பிழைத்திருக்காது. அதிகாரி நீட்டிய குடையைப் பிடித்துத்தான் கரையேறினேன். ஆனால் மீன் பிழைத்தது நான் அடித்த அடியில்தான், அது மட்டும் கவர் போடாத உண்மை.

இப்படிக்கு,
சேறு இன்னும் காதில் இருக்கும்
உன் சித்தப்பா